பெட்டிக்கு எண்பது எழுத்து அதிகம்

மிளகாய் வற்றல் மூட்டையின் வாயை அவிழ்க்கும்போது முதலில் வருவது காரம் இல்லை. வெயில் வரும். எங்கோ ஒரு களத்தில் காய்ந்த பகல் முழுக்க எழுந்து முகத்தில் அடிக்கும். அதற்குப் பின்னால்தான் காரம். நல்ல மூட்டை என்றால் அத்தோடு முடிந்தது. மழைக்காலத்து மூட்டை என்றால் இன்னொன்றும் வரும்: ஈரத் துணியை மடித்து வைத்து மறந்துவிட்ட அலமாரியின் வாசனை, மெல்லியதாக, தயங்கித் தயங்கி.

போன வாரம் சாலை பஜாரில், சுடலைமுத்து அண்ணாச்சியின் மொத்தக் கடையில் அந்த வாசனை என்னைப் பிடித்தது. ஏழு தும்மல்.

"என்ன வே, ரிட்டையர் ஆனாலும் தும்மல் மட்டும் குறையாம வருது?" என்றார் அண்ணாச்சி.

மூக்கைத் துடைத்துக்கொண்டே ஒரு ஜூன் மாத மாலைக்குப் போய்விட்டேன். அங்கே ஒரு கணினித் திரை சிவப்பு எழுத்தில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. உங்களுக்கு எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டே தள்ளிப்போட்ட கதை அதுதான். வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உதவிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். என்ன வேலை என்று வீட்டில் கேட்டால் சொல்லத் திணறுவீர்கள். நான் இருபத்தோரு வருடம் திணறினேன். ஆராய்ச்சி செய்பவர்களுக்குக் காசு கொடுக்கிறவர்கள் எங்கே இருக்கிறார்கள், எப்போது கதவைத் திறக்கிறார்கள், எந்தக் கதவை எப்படித் தட்டவேண்டும் என்று பார்த்துச் சொல்லும் வேலை. தில்லியில் துறைக்கொரு நிதி அமைப்பு. மாநிலத்துக்கென்று ஒரு குழு. வெளிநாட்டு அறக்கட்டளைகள். நம் பல்கலைக்கழகமே விதைப்பணம் என்று கொடுக்கும் சிறு தொகை, அதை யாரும் மதிப்பதில்லை, பல பெரிய திட்டங்கள் அதில்தான் முளைத்தன. ஒரு அமைப்புக்கு உங்கள் ஆராய்ச்சியால் மக்களுக்கு என்ன பயன் என்று தெரியவேண்டும். இன்னொன்றுக்கு அது பற்றிக் கவலையே இல்லை, கேள்வி புதியதா என்பதுதான். கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பவர்களின் குணம் அவர்களுக்கு. ஆளுக்கு ஆள் வேறு, அதே ஆளுக்கே வருடத்துக்கு வருடம் வேறு. இதெல்லாம் ஆறு மாதத்தில் கற்றுக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது, கற்றுக்கொண்ட பிறகு செய்யும் தப்பைப் பற்றி. புதியவர்களால் அந்தத் தப்பைச் செய்யவே முடியாது. அதற்குக் கைத்தேர்ச்சி வேண்டும்.

செல்வராணியை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மார்த்தாண்டத்துக்காரி. அன்றைக்கு எங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து தொலைவில், கழக்கூட்டத்துக்கு அப்பால் இருக்கும் வளாகத்தில், உயிர்வேதியியல் துறையில் ஒப்பந்த ஆராய்ச்சியாளர். மிளகாய் வற்றலில் ஏறும் பூசணத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். பூசணம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, அண்ணாச்சி போன்றவர்களின் மூக்குக்குக்கூடத் தெரிவதற்கு முன்பே, வற்றலில் நச்சு ஏறிவிடும். அதை ஒரு சிறு காகிதத் துண்டு நிறம் மாறிக் காட்டிக்கொடுக்குமா? அவ்வளவுதான் அவளுடைய கேள்வி. மூன்று மழைக்காலமாக சாலை பஜாருக்கும் வளாகத்துக்கும் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். அண்ணாச்சிதான் மாதிரி கொடுப்பார். "எனக்கு மூக்கு இருக்கு, அந்தப் பிள்ளைக்குக் காகிதம். எது முந்துதுன்னு பாப்போம்" என்பார்.

தில்லி அமைப்பு ஒன்று இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு மூன்று வருட நிதி அறிவித்திருந்தது. வயது வரம்பு உண்டு. செல்வராணிக்கு அதுதான் கடைசி வருடம். மார்ச்சோடு அவளுடைய ஒப்பந்தமும் முடிகிறது. நிதி வந்தால் சம்பளம், மேசை, குளிர்பதனப் பெட்டி எல்லாம் உண்டு. வராவிட்டால் மார்த்தாண்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவளுக்கென்று ஒரு ஆசிரியை வேலையைப் பிடித்துவைத்துக்கொண்டு அவளுடைய மாமா காத்திருந்தார்.

விண்ணப்பம் நன்றாக வந்திருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் அவள் கையெழுத்துப் போட்டு, ரிஜிஸ்ட்ராரின் முத்திரை விழுந்து, நான் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றவேண்டியதுதான் பாக்கி. கடைசி நாள், மாலை ஐந்து மணிக்குள். நான்கு நாற்பதுக்கு எல்லாம் ஏறிவிட்டது, ஒன்றைத் தவிர. 'பொதுமக்களுக்கான சுருக்கம்' என்று ஒரு பெட்டி. அதில் அவள் எழுதியதை ஒட்டினேன். எண்பது எழுத்து அதிகம் என்றது சிவப்பு எழுத்து.

அவளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எடுக்கமாட்டாள் என்று தெரியும். ஆய்வகத்துக்குள் போனால் கைபேசி வெளியே மேசை இழுப்பறையில் கிடக்கும், பூசணம் ஒட்டுமாம். அன்று காலையில்தான் மழை பிடித்து, புது மாதிரி வந்திருந்தது. வந்த அன்றே பார்க்காவிட்டால் வீண். துறை அலுவலகத்தில் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. வெளியே மழை. மணி நாலு ஐம்பது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு, உங்களிடம் மறைப்பதற்கில்லை. அலுவலகத்துக் கோப்புகளுக்கு நடுவே நானும் ஏதோ எழுதுகிறவன். வரி என்றால் இளைத்திருக்கவேண்டும் எனக்கு. அவள் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது: 'மூட்டையில் இருக்கும் மிளகாய் வற்றலில் பூசணம் உண்டாக்கும் நச்சை, ஒரு காகிதத் துண்டின் நிறமாற்றத்தைக் கொண்டு, ஆய்வகச் சூழலில், தொடக்க நிலையில் அறிய இயலுமா என்று இத்திட்டம் ஆராயும். இயலுமானால் பிற்காலத்தில் வியாபாரிகளுக்கு இது உதவக்கூடும்.'

எங்கே கொழுப்பு இருக்கிறது என்று பார்த்தேன். 'ஆய்வகச் சூழலில்' போனது. 'இயலுமா என்று' போனது. 'இயலுமானால்', 'பிற்காலத்தில்', 'உதவக்கூடும்'. கத்தி ஓட ஓட வரிக்கு உயிர் வந்தது. கடைசியில் இப்படி நின்றது: 'மிளகாய் மூட்டையில் ஒளிந்திருக்கும் நச்சை ஒரு காகிதத் துண்டு காட்டிக்கொடுக்கும். வியாபாரி தன் கடையில் நின்றபடியே தெரிந்துகொள்வார்.'

எழுத்துகள் அடங்கியது மட்டுமில்லை, மிச்சமும் இருந்தது. நாலு ஐம்பத்தெட்டுக்குப் பொத்தானை அமுக்கினேன். பிந்து சேச்சி, எங்கள் பிரிவின் உதவியாளர், எனக்கும் மூத்தவர், பாதி மலையாளமும் பாதி தமிழுமாக என்னிடம் பேசுகிறவர், குடையை எடுத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"போயோ சாரே?"

"போயாச்சு சேச்சி. கடைசி நிமிஷத்துல சின்னதா செதுக்கினேன். நல்லா வந்திருக்கு."

மறுநாள் செல்வராணி பேசினாள். "போயாச்சா சார்?" "போயாச்சு." சுருக்கத்தைக் கொஞ்சம் குறைத்தேன் என்றும் சொன்னேன். கொஞ்சம் என்று. அவளும் சரி என்றாள். அதை எடுத்து அவளுக்கு அனுப்பியிருக்கவேண்டும். அனுப்பவில்லை. அடுத்த விண்ணப்பம், அடுத்த கடைசித் தேதி, அடுத்த மழை.

வாரங்கள் போயின. விண்ணப்பம் முதல் சுற்றில் தேறியது. நிபுணர் குழு முன்பு காணொலியில் பத்து நிமிடம் பேசி, பிறகு கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். தன் துறையின் சிறு கூட்ட அறையிலிருந்தே பேசுகிறேன் என்றாள் செல்வராணி. பிந்து சேச்சி பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டார்.

"அவ கிறிஸ்தவப் பொண்ணு சேச்சி."

"அதுக்கெந்தா? பிள்ளையாருக்கு மதமும் இல்ல, ஏஜ் லிமிட்டும் இல்ல."

நேர்காணல் நாள் வந்தது, பிற்பகல் இரண்டு மணிக்குக் காணொலி. பதினொன்றரைக்கு தில்லியிலிருந்து திட்ட அலுவலர் கூப்பிட்டார். இணைப்பு சரியாக இருக்கிறதா என்று உறுதிசெய்யத்தான். வைப்பதற்கு முன் நல்ல மனதோடு ஒன்று சொன்னார்: குழுத் தலைவருக்கு அந்தச் சுருக்கம் ரொம்பப் பிடித்துவிட்டது, கடையில் நின்றபடியே வியாபாரி தெரிந்துகொள்கிறார் என்ற இடம். உங்கள் பெண்ணை அதிலிருந்தே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? பெருமை. என் வரி! தில்லியில் ஒருவர் என் வரியைப் படித்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். சேச்சியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் பாராட்டவில்லை. கோப்பைத் திறந்து, கையெழுத்துப் போட்ட பிரதியை ஒரு பக்கமும் இணையத்தில் ஏறிய பிரதியை இன்னொரு பக்கமும் வைத்தார். இரண்டின் மேலும் விரல் வைத்துப் படித்தார்.

"சாரே, ஒரு காரியம் கேக்கட்டே?"

"கேளுங்க."

"இதுல அந்தக் குட்டி பறஞ்சது எவிடே போச்சு?"

"குறைச்சிருக்கேன், அவ்வளவுதானே..."

"குறைக்கலையே சாரே. கூட்டியிருக்கீங்க."

இரண்டு பிரதிகளையும் இழுத்து நானே படித்தேன். எழுத்தைக் குறைத்து வாக்குறுதியைக் கூட்டியிருக்கிறேன். அவள் 'முடியுமா பார்க்கிறேன்' என்றதை நான் 'முடியும்' என்று அவள் பெயரில், அவள் கையெழுத்துக்குப் பிறகு, ரிஜிஸ்ட்ரார் முத்திரையின் நிழலில் நின்று சொல்லியிருக்கிறேன்.

கைபேசியில் அவள் கிடைக்கவில்லை. இழுப்பறை. துறை அலுவலகத்தில் எடுத்தவர் "லேபில் இருக்காங்க, சொல்றேன்" என்று வைத்தார், வைத்தவர்தான். செய்தி அனுப்பலாம் என்று தட்டச்சு செய்து அழித்தேன். 'உங்கள் சுருக்கத்தை நான் மாற்றிவிட்டேன்' என்ற வரியை, குழு முன்னால் உட்கார ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒருத்தி தனியாகப் படிக்க நேர்ந்தால்? சில செய்திகளை ஆளோடு ஆளாக நின்று சொல்லவேண்டும், திட்டு வாங்கும் தூரத்தில்.

ஆட்டோ பிடித்தேன்.

கழக்கூட்டம் வரைக்கும் ஓடியது. அங்கே வந்து நின்றது. கணினி நிறுவனங்களின் பேருந்துகள், உணவு கொண்டுபோகும் இருசக்கர வண்டிகள், மேலே பாலம், கீழே நாங்கள். டிரைவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். இயந்திரத்தை அணைத்துவிட்டு மிக்சர் பொட்டலத்தைப் பிரித்தார்.

"அவசரம்ங்க."

"இங்க எல்லாருக்கும் அவசரந்தான் அண்ணாச்சி. அதான் ஒருத்தனும் போகல. மிச்சர் வேணுமா?"

வாங்கிக்கொண்டேன். அந்த நாற்பது நிமிடத்தில்தான் என்னோடு நான் பேரம் பேசினேன். சொல்லாமல் இருந்தால் என்ன? தலைவருக்குப் பிடித்திருக்கிறது. அவள் நன்றாகப் பேசுவாள். மூன்று வருடம் கிடைக்கும். மூன்று வருடத்தில் ஒருவேளை அந்தக் காகிதம் உண்மையாகவே வேலை செய்துவிட்டால்? யாருக்கு நஷ்டம்? ஒரு பெண் ஆய்வகத்தில் தங்குகிறாள். கேட்கவே நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததால்தான் சந்தேகம் வந்தது. என் வரிகளில் எனக்குப் பிடித்த ஓசையே இந்த வாதத்திலும் கேட்டது. அதே கத்தி, அதே வேகம், வேண்டாத சொல்லையெல்லாம் வெட்டிவிட்டு ஓடும் வாக்கியம். பிறகு சுடலைமுத்து அண்ணாச்சி நினைவுக்கு வந்தார். அரசாங்கப் பணத்தில் வந்த காகிதமே நல்லது என்று சொல்லிவிட்டது என்று நம்பி, ஒரு மூட்டையை மூக்கில் வைத்துப் பார்க்காமலே அவர் விற்பதாக நினைத்துப் பார்த்தேன். அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை. இறங்கி நடந்தேன். நடந்தேன் என்பது பொய், ஓடினேன், ஐம்பது வயதுக்காரன் ஓடுவது போல.

ஒன்று நாற்பதுக்குக் கூட்ட அறைக் கதவைத் தள்ளினேன். செல்வராணி மடிக்கணினி முன்னால் தனியாக, தலை வாரி, நீலப் புடவையில், உதடு அசைய ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிரிக்காத சோற்றுப் பாத்திரம்.

"சார்! நீங்க எதுக்கு வந்திய? கரண்ட் போயிருமா?"

இரண்டு பிரதிகளையும் அவள் முன்னால் வைத்தேன். தில்லித் தொலைபேசியைச் சொன்னேன். ஐந்து மணியை, மழையை, எண்பது எழுத்தைச் சொன்னேன். கடைசியில் "நான்தான்" என்றேன்.

அவள் என் வரியை இரண்டு தடவை படித்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் எளிது.

"நல்லாத்தான் இருக்கு சார்," என்றாள். "யாருக்கோ நடந்த நல்ல காரியம் மாதிரி இருக்கு. எனக்க வேலை இல்ல இது."

"தெரியும்மா."

"தலைவருக்குப் பிடிச்சிருக்குன்னா சொன்னாவ?"

"ஆமா."

"அப்போ நான் வாய மூடிட்டு இருந்தா கிடைச்சிரும்."

"கிடைக்கலாம்."

"இப்ப மட்டும் 'லாம்' போடுதிய!"

எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது, உடனே போய்விட்டது. அவள் கண் கலங்கியிருந்தது. எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பினாள். ஒன்று ஐம்பது.

"மாமாட்ட போன வாரம் என்ன சொன்னேன் தெரியுமா? அந்தப் பள்ளிக்கூட வேலைய வேற யாருக்காவது குடுங்கன்னு சொன்னேன்."

ஆறுதல் சொல்லத் தகுதி இல்லாதவன் சும்மா நிற்பது நல்லது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"செரி," என்றாள். "பத்து நிமிஷத்துல முத நிமிஷம் உங்களுக்கு. நீங்க செஞ்சத நீங்க சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன். அழகாச் சொல்லாதிய. சும்மா சொல்லுங்க."

இரண்டு மணிக்குத் திரையில் ஆறு முகங்கள். நான் யார் என்று சொன்னேன். சுருக்கத்தில் நிறுவனத்தின் தரப்பில் ஒரு பிழை நேர்ந்திருக்கிறது, விண்ணப்பதாரர் கையெழுத்திட்ட பிறகு, அவருக்குத் தெரியாமல், இடம் போதாததால் அவருடைய ஐயங்களை நான் நீக்கிவிட்டேன், கையெழுத்திட்ட பிரதி இது, என்று திரையில் காட்டினேன். முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என் வாழ்க்கையில் நான் பேசிய மிக அசிங்கமான ஆங்கிலம் அதுதான். ஓசையே இல்லை.

ஒரு முகம், கண்ணாடி போட்டவர், எரிச்சலோடு கேட்டார். அவர்கள் ஆங்கிலத்தை இனிமேல் தமிழில் சொல்கிறேன். "அப்படியானால் எதை வைத்து உங்களை இந்தச் சுற்றுக்குக் கூப்பிட்டோம்?"

தலைவர் கையை உயர்த்தினார். வெள்ளைத் தலை, கம்மிய குரல். "இருங்கள். அம்மா, அப்போது வியாபாரிக்கு என்னதான் கிடைக்கும்?"

"இப்போதைக்கு ஒன்றும் இல்லை, சார்," என்றாள் செல்வராணி. "மூன்று மழைக்காலம் பார்த்தேன். இரண்டில் காகிதம் சரியாகச் சொன்னது. ஒன்றில் நல்ல மிளகாயையும் கெட்டது என்று சொல்லிவிட்டது. ஏன் என்று தெரியவில்லை."

"நல்லதைக் கெட்டது என்றால் அவன் நல்ல சரக்கைக் கொட்டிவிடுவானே!"

"அதுதான் சார் பயம். அந்த 'ஏன்' தெரியாமல் காகிதத்தைக் கடைக்குள் கொண்டுபோகக்கூடாது. அதற்குத்தான் உதவி கேட்கிறேன்."

நிறுவனத்துக்காரர் வெளியே போகலாம் என்றார்கள். போனேன்.

தாழ்வாரத்தில் குளிர்பதனப் பெட்டிகள் வரிசையாக முனகிக்கொண்டிருந்தன. கதவுக்குப் பின்னால் அவள் குரல் ஏறியது, இறங்கியது, ஒரு இடத்தில் நின்றே போனது. என் காலம் முழுக்க நூற்றுக்கணக்கான கோப்புகளை அனுப்பியிருக்கிறேன், கோப்பின் மறுமுனையில் ஒரு குரல் நடுங்கிக்கொண்டு நிற்கும் என்று அன்றைக்கு வரை நான் கேட்டதில்லை. வெளியே முந்திரி மரத்தில் காக்கைக்கும் அணிலுக்கும் சண்டை. அணில் ஜெயித்தது. அதைச் சகுனம் என்று எடுத்துக்கொண்டேன், எதையாவது எடுத்துக்கொள்ளவேண்டி இருந்தது.

இருபத்தைந்து நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தாள்.

"எப்படி?"

"தெரியல சார். தலைவரு கடைசில சிரிச்சாரு. நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பான்னு தெரியல. டில்லிச் சிரிப்பு." பாத்திரத்தைத் திறந்தாள். மரச்சீனிக் கிழங்கும் மத்திக் குழம்பும். "சாப்பிடுங்க. நீங்களும் சாப்பிடல, மூஞ்சியிலயே தெரியுது. குடுக்கக்கூடாதுதான். ஆனா ஓடி வந்துட்டிய."

மூடியில் எனக்குப் பங்கு வைத்தாள். சரியாகப் பாதி.

அடுத்த நாளே ரிஜிஸ்ட்ராருக்கு நானே எழுதிக்கொடுத்தேன். பதிலுக்கு மெமோ வந்தது, விளக்கம் கேட்டு. விளக்கத்தை நான்கு பக்கம் எழுதினேன், மழையும் சிவப்பு எழுத்துமாக. பிந்து சேச்சி வாங்கிப் பார்த்து, பேனாவைத் திறந்து, மூன்று வரியாக்கினார். "இதுல மழை எதுக்கு சாரே? மழையா மாத்தி எழுதிச்சு?" அந்த மூன்று வரி என் பணிப் பதிவேட்டில் இப்போதும் இருக்கிறது. நான் எழுதியதாக அச்சில் நிற்பவற்றில் மிகச் சிறந்தது அதுவே.

அன்றிலிருந்து எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள், ஏன் என்று தெரியாமல் முணுமுணுத்தும் இருப்பீர்கள். கையெழுத்து விழுந்த பிறகு ஒரு எழுத்தும் மாறக்கூடாது. பெட்டிகளின் அளவை ஒரு வாரம் முன்பே விண்ணப்பதாரரிடம் கொடுத்து, குறைப்பதை அவர்களையே குறைக்கச் சொல்லவேண்டும். விண்ணப்பதாரர் கிடைக்காவிட்டால் யாரை அழைக்கலாம் என்று இரண்டாவது எண் ஒன்று. கையில் யாரும் அகப்படாமல் மணி ஐந்தாகிவிட்டதா, அனுப்பாதீர்கள். ஒரு வருடம் போகும். போகட்டும் என்று சொல்வது எளிதில்லை, செல்வராணிக்கு அந்த ஒரு வருடம் இல்லவே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அது அவள் இழக்கவேண்டிய வருடம், நான் அவளுக்காகப் பொய் சொல்லிக் காப்பாற்றவேண்டிய வருடம் இல்லை. இன்னொன்றும் சொல்வேன். ஆராய்ச்சியாளர்களின் வாக்கியங்களில் 'கூடும்', 'இயலுமா', 'இச்சூழலில்' என்று தடுக்கிக்கொண்டே வரும் சொற்களைப் பார்த்தால் உங்களுக்குக் கை அரிக்கும். அவை கொழுப்பு அல்ல, எலும்பு. மூன்று மழைக்காலம் அலைந்து அவள் கண்டுபிடித்தது அந்தச் சொற்களை மட்டும்தான்.

முடிவு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. மூன்று வருடம் கேட்டிருந்தோம், ஒரு வருடம் கொடுத்திருந்தார்கள். காகிதம் ஏன் தப்பாகச் சொல்கிறது என்பதை முதலில் கண்டுபிடிக்கட்டும், அறிக்கையைப் பார்த்துவிட்டு மீதியை யோசிக்கிறோம் என்று. திட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் வயது வரம்பு பிறகு குறுக்கே வராது, அதை நான் விதியில் மூன்று முறை படித்து உறுதி செய்துகொண்டேன். பிந்து சேச்சி மூன்றில் ஒரு பங்கு தேங்காய் உடைக்க முடியுமா என்று கேட்டார். முழுதாகவே உடைக்கலாம் என்று முடிவானது.

ஏற்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட செல்வராணி தலைமை அலுவலகத்துக்கு வந்தாள். என் மேசையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள், நான் பார்க்கப் பார்க்க, வேண்டுமென்றே மெதுவாக. பக்கங்களை எண்ணினாள். தன் பிரதியைப் பைக்குள் வைத்தாள். மாலையில் மூன்று பேரும் பழவங்காடிக்கு நடந்தோம். சேச்சி வரிசையில் நின்று தேங்காயை ஓங்கி எறிந்தார், அது சிதறிய வேகத்தில் யாரோ ஒரு பெரியவர் குதித்து ஒதுங்கினார். செல்வராணி வெளியே செருப்புகளுக்குக் காவல் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். சேச்சி சுண்டல் வாங்கப் போனார். மார்த்தாண்டம் போகும் பேருந்து வந்துவிட்டது.

"சார்," என்றாள், படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு. "வருசக் கடைசில அறிக்கை எழுதுவேன்லா? காகிதம் சரிப்படாது, இதுக்கு மேல துட்டு தரவேண்டாம்னு எழுதவேண்டி வந்தாலும் வரும்."

"வரட்டும்."

"அதையும் நீங்கதான் மேல அனுப்பணும்."

"அனுப்பறேன்."

"அப்படியே அனுப்பணும், கேட்டியளா?"

"அப்படியே."

நடத்துநர் விசில் கொடுத்தார். அவள் உள்ளே ஏறி, ஜன்னலுக்கு வந்து, இரைச்சலுக்கு மேலே சத்தமாகச் சொன்னாள்:

"செரி, அப்போ நம்பிப் போறேன்!"